ஃப்ரீசரில் ஊசிப் பயிற்சித் திண்டு: பி.வி.ஏ. ஜெல்லும் நான் தப்பவிட்ட செறிவுக் கணக்கும்

அக்கா நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஊசி குத்திப் பழக ஜெலட்டின் கட்டி செய்து எடுத்துப்போவாள். மதுரை மே மாதத்தில் காலை பதினோரு மணிக்கெல்லாம் அதன் ஓரம் இளக ஆரம்பித்துவிடும். தப்பித்தது மூன்றாம் நாள் நாறும். "டேய், உருகாத ஜெல்லி ஒண்ணு செஞ்சு குடுடா, நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே" என்றாள். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன், வேதியியல் எனக்குத் தூரத்துச் சொந்தம். ஆனாலும் சரி என்றேன்.

தேடிப் பார்த்ததில் கிடைத்த வழி பாலிவினைல் ஆல்கஹால், சுருக்கமாக பி.வி.ஏ. அந்தப் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஃப்ரீசரில் உறையவைத்து, மெதுவாக உருகவிட்டால் ரப்பர் போன்ற வெள்ளை ஜெல் கிடைக்கும். வேறு எந்த ரசாயனமும் சேர்க்க வேண்டாம். அறை வெப்பத்தில் உருகாது. அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. கருவிகளைச் சோதிக்க உடல் திசுவுக்குப் பதிலாக வைக்கும் மாதிரிகளைக்கூட இதில்தான் செய்கிறார்கள். நம் ஊர்ப்பக்கம் இது புதிய பொருளும் இல்லை. நூல் ஆலைகளில் பாவுக்குப் போடும் கஞ்சியில் இது உண்டு.

முதல் தவறு பொடி வாங்கியதிலேயே நடந்தது. கடையில் பி.வி.ஏ. என்று கேட்டேன், கொடுத்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரிலேயே அழகாகக் கரைந்தது. "இவ்வளவுதானா" என்று ஒரே குஷி. உறையவைத்து உருக்கினேன், போட்ட கஞ்சி அப்படியே கஞ்சியாகத் திரும்பி வந்தது. இரண்டாவது முறை, மூன்றாவது முறை, அதே கதை. அப்புறம்தான் பொட்டலத்தில் 88 என்று எழுதியிருந்ததைக் கவனித்தேன். பாலிவினைல் அசிடேட்டை நீராற்பகுத்துத்தான் பி.வி.ஏ. எடுக்கிறார்கள். 88 என்றால் நூற்றுக்கு 12 இடத்தில் பழைய அசிடேட் குழுக்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். பி.வி.ஏ.வின் மூலக்கூறுகள் நீளச் சங்கிலிகள். அவை நெருங்கி ஒட்டி அடுக்காக உட்கார அந்தத் துருத்தல்கள் விடுவதில்லை. வேண்டியது 98, 99 உள்ள பொடி. இரண்டாவது முறை 28-99 என்று போட்டதைக் கேட்டு வாங்கினேன். முதல் எண், 4 சதவீதக் கரைசல் 20 டிகிரியில் எவ்வளவு பிசுபிசுப்பாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண்தான் நான் பார்க்கத் தவறியது.

இந்த 99 சுலபத்தில் கரைகிற ஜாதி இல்லை. 90 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சுடுதண்ணீரில் பொடியைக் கொட்டினால் ரவா உப்புமா கட்டி தட்டுவது போல வெளியே வழவழ, உள்ளே மாவு. குளிர்ந்த தண்ணீரில் தூவிக் கிளறி, அரை மணி ஊறவிட்டு, அப்புறம் சூடேற்ற வேண்டும். நேரடித் தீயில் வைத்தால் அடிப்பிடிக்கும். அதனால் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சிறிய பாத்திரத்தில் இது. ஒன்றரை மணி நேரம் கரண்டியும் கையுமாக நின்றேன். மேலே பாலாடை போல ஏடு படிந்துகொண்டே இருந்தது. அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்து, "இது அடுப்பங்கரையா என்ன" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றே இதற்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி ஒதுக்கிவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இப்படிச் செய்ததுதான் என் முதல் "10 சதவீதம்". 20 கிராம் பொடி, 180 கிராம் தண்ணீர். உறையவைத்து உருக்கினேன், ஜெல் வந்தது. ஆஹா என்றிருந்தது.

அடுத்த வாரம் 12 சதவீதம் செய்ய நினைத்தபோது கரண்டி பிடிக்கிற வேலையிலிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆய்வுக்கூடங்களில் இதை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கரைக்கிறார்கள். வீட்டு பிரஷர் குக்கரும் விசில் வரும் அழுத்தத்தில் அதற்குப் பக்கத்தில்தான் போகிறது. கண்ணாடி ஜாடியில் ஊறவைத்த கலவையை ஊற்றி, மூடியை இறுக்காமல் மேலே ஃபாயில் சுற்றி, குக்கருக்குள் ஸ்டாண்டு மேல் வைத்து, தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம். ஏடும் இல்லை, கட்டியும் இல்லை. ஒரு கிளறு கிளறினால் கண்ணாடி போலக் கரைசல். அழுத்தம் தானாக இறங்கும்வரை குக்கரைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் ஜாடி பொங்கி, குக்கர் முழுக்கப் பசையாகிவிடும்.

அந்த 12 சதவீத ஜெல்லை எடுத்து, பழைய 10 சதவீத ஜெல்லுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். இரண்டும் ஒன்று போலவே இருந்தன. என் விரலுக்குத்தான் தெரியவில்லையோ என்று எடைக்கல் வைத்து அளந்தேன். அதிலும் ஒன்றுதான். இரண்டு சதவீத வித்தியாசம் எங்கே போனது? அப்படியானால் செறிவுக்கும் ஜெல்லின் உறுதிக்கும் சம்பந்தமே இல்லையா?

இரண்டு நாள் கழித்து, எதையோ கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது ஆவியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சட்டென்று உறைத்தது. ஒன்றரை மணி நேரம் திறந்த பாத்திரத்தில் வைத்தேனே, அதில் போன தண்ணீர்? முதல் ஜெல்லை அச்சில் ஊற்றும் முன் மொத்த எடையை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 170 கிராம். 200 அல்ல. 20 கிராம் பொடி 170-இல் என்றால் 11.8 சதவீதம். நான் 10 என்று பெயர் எழுதி ஒட்டியது கிட்டத்தட்ட 12.

அதிலிருந்து ஒரே பழக்கம். காலிப் பாத்திரத்தை எடை போடுகிறேன், கரைத்து முடித்ததும் மறுபடி எடை போடுகிறேன், குறைந்த அளவுக்கு வெந்நீர் சேர்த்துக் கிளறுகிறேன். குக்கரில் செய்தாலும் விடுவதில்லை. சில நேரம் ஆவி தண்ணீராகி ஜாடிக்குள் சொட்டி எடை கூடியும் இருக்கும். பொடியே காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதில் 5 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். அதற்கு நான் ஒன்றும் செய்வதில்லை, டப்பாவை இறுக மூடி வைப்பதோடு சரி. எல்லா ஜெல்லுக்கும் ஒரே டப்பாப் பொடி என்றால் ஒப்பிடுவதற்குப் போதும்.

கணக்கு சரியானதும் ஒரே மூச்சில் ஆறு செறிவுகள் செய்தேன். 4, 6, 8, 10, 12, 15. பிளம்பிங் கடையில் வாங்கிய பி.வி.சி. குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, அடியில் டேப் ஒட்டினால் அச்சு தயார். உள்விட்டம் 32 மி.மீ., ஜெல்லின் உயரம் 30 மி.மீ. விளிம்புவரை ஊற்றாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் போலப் பருமன் கூடும். ஒரு கண்ணாடிக் குப்பியை நிரப்பி வைத்து ஃப்ரீசருக்குள் உடைத்தபின்தான் எனக்கு அந்தப் பள்ளிப்பாடம் ஞாபகம் வந்தது.

ஊற்றும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும். நாலு சதவீதம் வடிகஞ்சி மாதிரி. ஆறிய 10 சதவீதம் விளக்கெண்ணெய் மாதிரி ஊற்றும். 15 தேன் பதம், சூடாக இருக்கும்போதே ஊற்றிவிட வேண்டும்.

இரவு ஃப்ரீசர், மறுநாள் உருக்கல். இது ஒரு சுற்று. அச்சிலிருந்து தள்ளியபோது 4 சதவீதம் உருவமே இல்லாமல் வந்தது. திரிந்த பால் போல வெள்ளைத் திப்பியும் சுற்றிலும் தண்ணீரும். 6 நின்றது, ஆனால் தட்டை ஆட்டினால் ஆடியது. மற்றவை ஒழுங்கான கட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு எவர்சில்வர் மூடி, அதன் மேல் 200 கிராம் எடைக்கல், ஒரு நிமிடம் கழித்து வெர்னியர் வைத்து உயரம் அளந்தேன். 30 மி.மீ. உயரக் கட்டிகளில் 6 சதவீதம் 12 மி.மீ.-க்கு நசுங்கி, கல்லை எடுத்த பிறகும் முழுதாக எழவில்லை. 8 சதவீதம் 19-இல் நின்றது. 10 சதவீதம் 23, 12 சதவீதம் 25, 15 சதவீதம் 27. ஆய்வுக்கூடச் சோதனை இல்லை இது, சமையல் மேடைச் சோதனை. ஆனாலும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. 6-க்கும் 8-க்கும் நடுவே இருக்கிற தாவல் 12-க்கும் 15-க்கும் நடுவே இல்லை. கீழ்ப்பக்கத்தில் ஒரு சதவீதம் தவறினால் ஜெல்லே வேறாகிவிடும்.

ஏன் இப்படி? சின்ன வயதில் குச்சி ஐஸ் உறிஞ்சியிருப்பீர்கள். நிறமும் இனிப்பும் முதலில் வாய்க்குள் வந்துவிடும், கையில் வெறும் வெள்ளை ஐஸ்தான் மிஞ்சும். தண்ணீர் உறையும்போது தன் படிகத்துக்குள் வேறு யாரையும் சேர்ப்பதில்லை. சர்க்கரையைத் தள்ளிவிடுகிறது, படிகங்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் அது கூட்டமாக ஒதுங்கி நிற்கிறது. பி.வி.ஏ. சங்கிலிகளுக்கும் அதே கதி. வெளியே 10 சதவீதமாக இருந்தது அந்தச் சந்துகளுக்குள் பல மடங்கு கெட்டியாகிவிடும். அவ்வளவு நெருக்கத்தில் ஒரு சங்கிலியின் ஹைட்ராக்சில் குழுக்கள் பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டு, குட்டிக் குட்டிப் படிகங்களாக அடுக்கிக்கொள்கின்றன. வலையில் முடிச்சு மாதிரி. ஐஸ் உருகிப் போனாலும் முடிச்சு அவிழ்வதில்லை. ஐஸ் இருந்த இடமெல்லாம் தண்ணீர் நிறைந்த துளைகளாகின்றன, அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் ஜெல் வெள்ளையாகத் தெரிகிறது. 1975-இலேயே வேதிப் பொறியாளர் நிக்கோலஸ் பெப்பாஸ், 2.5 முதல் 15 சதவீதம் வரையான கரைசல்களை மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து உருக்கி, அந்தக் கலங்கலை அளந்து, படிகங்கள் உண்டாவதைக் காட்டினார்.

இப்போது 4 சதவீதத்தை யோசித்துப் பாருங்கள். சந்துகளில் சங்கிலிகள் ஒதுங்குகின்றன, முடிச்சும் விழுகிறது. ஆனால் சுவர் கட்டப் போதுமான சரக்கு இல்லை. ஒரு சுவர் இன்னொரு சுவரைத் தொடுவதற்குள் செங்கல் தீர்ந்துபோகிறது. உருக்கினால் தனித்தனித் திப்பிகள். செறிவு ஏற ஏறச் சுவர் தடிக்கிறது, துளை சிறுக்கிறது, எல்லாம் ஒன்றோடொன்று இணைகின்றன.

இதே ஃப்ரீசரில் சைனா கிராஸ் ஜெல்லியை வைத்தால் நேர்மாறாக நடக்கும் என்பது ஒரு வேடிக்கை. உருக்கினால் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பஞ்சாகிவிடும். கடல்பாசியிலிருந்து சைனா கிராஸ் எடுக்கிறவர்கள் தண்ணீரைப் பிரிக்க அந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே ஐஸ் ஏற்கெனவே கட்டிய வீட்டை இடிக்கிறது, இங்கே ஐஸ்தான் கொத்தனார்.

சரி, மெல்லிய கரைசலையே திரும்பத் திரும்ப உறையவைத்தால்? எனக்கு அந்த ஆசை இருந்தது, பொடி விலை அப்படி. மூன்று சுற்று முடிந்ததும் அளந்தேன். 6 சதவீதம் 20 மி.மீ.-இல் நின்றது. அதாவது ஒரே சுற்று கண்ட 8 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது. 8 சதவீதம் 24.5, 10 சதவீதம் 27. 15 சதவீதம் 28.5, அதில் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. ஐந்து சுற்றுவரை தள்ளிப் பார்த்தும் 4 சதவீதம் சுருங்கி, தண்ணீரைக் கக்கி, வழவழத்த ஒரு பஞ்சுத் துண்டாகத்தான் ஆனது. ஆக, என் ஃப்ரீசரின் இரண்டு நாள் உழைப்பு பொடியில் இரண்டு முதல் ஐந்து சதவீதத்துக்குச் சமம். மாவு டப்பாவுக்கு இடம் இல்லை என்று அம்மா முணுமுணுப்பதையும் சேர்த்துப் பார்த்தால், பொடியைக் கூட்டுவதே லாபம்.

உருக்குகிற வேகமும் முக்கியம், இதை நான் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் அச்சுகளைச் சமையல் மேடையில் அப்படியே வைத்து உருக்கினேன், ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது. ஒரு நாள் நான் ஊரில் இல்லாதபோது பகலில் நாலு மணி நேரம் கரண்ட் போய்விட்டது. ஃப்ரீசர் மூடியபடியே மெதுவாக வெப்பமேறி, திரும்ப உறைந்திருக்கிறது. அந்தத் தடவை வந்த 10 சதவீதக் கட்டி, ஒரு சுற்று என்று நான் எழுதியிருந்தாலும், கல் வைத்தால் 25 மி.மீ.-இல் நின்றது. கணக்கில் வராத ஒரு பாதிச் சுற்றை மின்வாரியம் இலவசமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அத்தோடு, முடிச்சுகள் பெரும்பாலும் விழுவது உருகும் நேரத்தில், பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் அந்தச் சில டிகிரிகளில்தான். அங்கே சங்கிலிகள் அசைய முடியும், அதே நேரம் ஐஸ் இன்னும் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும். அந்த இடத்தை அவசரமாகத் தாண்டினால் ஜெல் மெலியும். இப்போது மீன் கடையில் கேட்டு வாங்கிய தெர்மாக்கோல் பெட்டிக்குள் அச்சுகளை அடுக்கி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு முழுக்க உருகவிடுகிறேன். பெட்டியை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை.

20 சதவீதமும் முயன்றேன், மறைக்க ஒன்றுமில்லை. குக்கரில் கரைந்தது. ஆனால் ஆறத் தொடங்கியதும் அல்வா பதம். கரண்டியால் அள்ளித்தான் அச்சில் போட முடிந்தது. உள்ளே மாட்டிய காற்றுக் குமிழி ஒன்றுகூட மேலே ஏறவில்லை. ஜெல் கெட்டிதான், ஆனால் அறுத்துப் பார்த்தால் உள்ளே ஆப்பம் போலக் குழி குழியாக இருந்தது. அந்தப் பக்கம் இனிப் போவதில்லை. 15-க்கே ஊற்றும் முன் ஜாடியை மூடி, வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் சும்மா வைத்தால்தான் குமிழி வெளியேறுகிறது.

தோற்ற கட்டிகளைத் தூக்கிப் போட வேண்டாம் என்பது இதில் நல்ல விஷயம். முடிச்சுகள் வெறும் படிகங்கள், ரசாயனப் பிணைப்பு இல்லை. நன்றாகச் சூடேற்றினால் அவிழ்ந்துவிடும். துண்டு போட்டு மறுபடி குக்கரில் வைத்தால் கரைசல். ஆனால் இதற்குள் எவ்வளவு தண்ணீர் கசிந்து போயிருக்கும் என்று தெரியாது, அதனால் அதன் செறிவும் தெரியாது. அந்த ஜாடிக்கு "அவியல்" என்று பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அளவு முக்கியமில்லாத வேலைக்கு மட்டும் அது.

இப்போது அக்காவின் திண்டு. முதலில் முழுக்க 10 சதவீதம், இரண்டு சுற்று செய்து கொடுத்தேன். ஊசியை இறக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "தோல்ல குத்தும்போது ஒரு சின்னத் தடை இருக்கணும்டா, தாண்டினதும் சட்டுன்னு லேசாகணும். இது ஆரம்பத்திலேர்ந்து கடைசிவரைக்கும் ஒரே மாதிரி இருக்கு." நான் எடைக்கல்லில் அளந்த எந்த எண்ணும் சொல்லாத விஷயம் அது.

அதனால் இரண்டு செறிவு. ஒரு பிளாஸ்டிக் டிஃபன் டப்பாவில் 8 சதவீதம் ஊற்றி, நடுவே இரண்டு மெல்லிய சிலிக்கான் குழாய்களை ரத்தக் குழாய்க்குப் பதிலாக நீட்டிக் கட்டி, ஒரு சுற்று முடித்தேன். அதன் மேல் 2 மி.மீ. கனத்துக்கு 15 சதவீதம் ஊற்றி, எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு சுற்று. முதல் முயற்சியில் மேல்தோல் சப்பாத்தி போல முழுசாக உரிந்து வந்துவிட்டது. உருகிய கட்டியின் மேல் கசிந்து நின்ற தண்ணீரைத் துடைக்காமல் ஊற்றியிருந்தேன். அந்த மெல்லிய தண்ணீர்ப் படலத்தில் செறிவு என்ன இருக்கப்போகிறது? மூன்று, நாலு சதவீதம்கூட இருந்திருக்காது. மறுமுறை துணியால் ஒற்றி எடுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு உறையவைத்தேன். பிடித்துக்கொண்டது. இப்போது ஊசி மேலே லேசாகத் தயங்கி, உள்ளே வழுக்கிக்கொண்டு போகிறது. குழாயில் சிவப்புத் தண்ணீர் நிரப்பினால், சரியாகக் குத்தியதும் ஊசியின் அடியில் சிவப்பு எட்டிப் பார்க்கிறது. அதைப் பார்த்ததும் பிள்ளைகள் கத்துவார்களாம்.

திண்டைத் தண்ணீரில் மூழ்கவைத்து, மூடி போட்ட டப்பாவில் வைக்கச் சொல்லியிருந்தேன். முதல் நாள் அந்தத் தண்ணீர் வழவழப்பாக இருக்கும், வலையில் மாட்டாத சங்கிலிகள் வெளியேறுகின்றன, மாற்றிவிட்டால் போதும். இரண்டு வாரம் ஒழுங்காகப் போனது. ஒரு சனிக்கிழமை யாரோ திண்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒரு பக்கத்தின் மேல் ஈரத்துணி போட்டு, மறு பக்கத்தை மறந்துபோய்விட்டார்கள். திங்கட்கிழமை காலை அக்கா போனில் கத்தினாள், ஒரு ஓரம் நகம் மாதிரி ஆகிவிட்டதாம், கண்ணாடி போலத் தெளிந்து கெட்டியாக. தண்ணீரில் போடு என்றேன். மறுநாள் இளகியது, ஆனால் முழுதாக இல்லை. போன தண்ணீர் எல்லாமும் திரும்பி வரவில்லை. அந்த ஓரம் மட்டும் மற்றதைவிட மெலிந்து, விறைப்பாக நிற்கிறது. அங்கே இப்போது எத்தனை சதவீதம் என்று எனக்குக் கணக்குப் போட ஆசை. அக்கா விடவில்லை. இந்தப் பக்கம் குத்தாதே என்று ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு, வகுப்பைத் தொடர்ந்துவிட்டாள்.